மருந்தின் மெய்ப்பெயர்: பேராசிரியர் சேனக பிபிலே

ஈழத்தில் வாழ்ந்த பெரியாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் புலவரையும் சமயத் தொண்டரையும் கல்லூரி தாபித்தவரையுமே நாடிச் செல்கின்றனர். அது நம் மரபுக்கு ஒத்ததே. ஆயின், ஏழை நோயாளி ஒருவன் கடையில் வாங்கும் குளிசையின் பெயரையும் விலையையும் தரத்தையும் பற்றியே தம் வாழ்நாளின் பெரும்பகுதி சிந்தித்த ஒருவரின் வரலாறும் இலக்கியப் பக்கமொன்றில் இடம்பெறத் தகுந்ததென்றே நான் கருதுகிறேன். பேராசிரியர் சேனக பிபிலே அத்தகையவர். மருந்துத் தட்டுப்பாடு நேருந்தோறும், தேர்தல் வருந்தோறும், பிபிலே கொள்கை என்னுந் தொடர் கட்சி வேறுபாடின்றி மேடைகளிலே ஒலிக்கிறது. அக்கொள்கை யாதெனக் கேட்டால், மலிவான மருந்து என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. நான் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் உயர்தர வகுப்பு மாணவரிடமும் அந்த விடையையே பெற்றேன். அது பாதி விடை. மற்றப் பாதியை அவருடைய வாழ்விலிருந்தே எடுத்துக்காட்ட வேண்டும்.

சேனக பிபிலே 1920 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆந் திகதி பிறந்தார். ஊவாவின் பிபிலை என்னும் ஊரோடு தொடர்புடைய வளவுக் குடும்பம் அவருடையது. கண்டித் திரித்துவக் கல்லூரியிலே கற்று, கொழும்பு வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து, 1945 இல் சிறப்புச் சித்தியுடன் வைத்தியராக வெளியேறினார். வளவிலே பிறந்தவர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொள்கையைத் தழுவியது அக்காலத்தில் வியப்பன்று. இங்கிலாந்திலும் கொழும்பிலும் கற்ற செல்வர் வீட்டு இளைஞர் பலர் அவ்வழி சென்றனர். அவர்களிற் பலர் பாராளுமன்றத்தை நாடினர். பிபிலே விரிவுரை மண்டபத்தை நாடினார்.

சிறப்புச் சித்தி பெற்ற இளவைத்தியர் ஒருவருக்குக் கொழும்பிலே தனியார் வைத்தியத் தொழில் எத்துணை வருவாய் தரவல்லதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனை விடுத்து, அவர் மருந்தியல் என்னுந் துறையைத் தெரிந்துகொண்டார். அறுவை வைத்தியம்போலப் புகழ் தருவதன்று அத்துறை. நோயாளி அத்துறைப் பேராசிரியரின் முகத்தைக் காண்பதேயில்லை. எடின்பரோ சர்வகலாசாலையிலே ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய பிபிலே, 1958 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியரானார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் பின்னாளிற் பணியாற்றிய வைத்தியர் தலைமுறையொன்று அவருடைய வகுப்புகளிலிருந்து வந்தது.

அவர் கற்பித்ததன் சாரம் எளிதில் விளங்கக்கூடியது. எந்த மருந்தும் உடலிலே ஒரு செயலைப் புரிகிறது. அச்செயல் வேண்டப்படும் இடத்தில் அது மருந்து, வேண்டப்படாத இடத்தில் நஞ்சு. குளோரம்பெனிகோல் என்னும் மருந்தை உதாரணமாகக் கொள்வோம். நெருப்புக்காய்ச்சலினால் ஆயிரக்கணக்கானோர் மடிந்த நாடுகளில் அது உயிர்காத்த மருந்து. அதே மருந்து, அரிதாகவெனினும், எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடவும் கூடும். எனவே நெருப்புக்காய்ச்சலுக்கு அதனைக் கொடுப்பது அறிவு. தடிமனுக்குக் கொடுப்பது குற்றம். இவ்வேறுபாட்டை வைத்தியர் அறிந்திருக்க வேண்டுமாயின், தாம் எழுதுவது எந்தப் பொருள் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். அங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது.

ஒரு மருந்துக்கு மூன்று பெயர் உண்டு. இரசாயன அமைப்பைக் கூறும் நீண்ட பெயர் ஒன்று. அது அறிஞர்க்கு மட்டுமே உரியது. உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட பொதுப்பெயர் மற்றொன்று. கம்பனி தன் விருப்பப்படி சூட்டி, சட்டத்தாற் காத்துக்கொள்ளும் வர்த்தகப் பெயர் மூன்றாவது. பொதுப்பெயர் ஒன்றே, வர்த்தகப் பெயரோ கம்பனிக்கு ஒன்றாய்ப் பெருகும். நோய் தீர்ப்பது பொதுப்பெயருக்குரிய பொருள். விலையைத் தீர்மானிப்பது வர்த்தகப் பெயர். கம்பனிப் பிரதிநிதிகள் பளபளப்பான துண்டுப்பிரசுரங்களோடும் இலவச மாதிரிகளோடும் வைத்தியரைச் சந்தித்து, அந்த மூன்றாவது பெயரையே அவர் மனத்திற் பதித்துச் சென்றனர். படித்து வெளியேறிச் சில ஆண்டுகளான வைத்தியர், தாம் கற்ற பெயரை மறந்து, தமக்குக் காட்டப்பட்ட பெயரையே சிட்டையில் எழுதினார். பிபிலே இதனை ஒழுக்கக் குறைவாகக் காணவில்லை. கல்விக் குறைவாகக் கண்டார் என்றே அவருடைய நடவடிக்கைகளைக் கொண்டு நான் எண்ணுகிறேன். வைத்தியக் கல்வி பட்டத்தோடு முடிந்துவிடுவதையும், அதன்பின் கற்பிக்கும் பொறுப்பு வியாபாரியிடம் சென்றுவிடுவதையுமே அவர் மாற்ற முயன்றார்.

முதல் முயற்சி 1959 இல் உருவம் பெற்றது. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கென மருந்துக் கையேடொன்று வெளியாயிற்று. அதனை ஆக்கிய குழுவின் உயிர்நாடியாக விளங்கியவர் பிபிலே. எந்த நோய்க்கு எந்த மருந்து வேண்டும், அதன் பொதுப்பெயர் யாது, அளவு யாது, எச்சரிக்கை யாது என்பனவற்றைக் கூறுவது அந்நூல். சுருக்கமாகச் சொல்வதாயின் அஃதொரு நிரல். கவிதையோ தத்துவமோ அதிலில்லை. எனினும் நிரலொன்றை ஆக்குவது எத்துணைக் கடினமென்பதை நூலகத்துக்கு நூல் தெரிந்தெடுத்த ஆசிரியர் எவரும் அறிவர். சேர்ப்பது எளிது; விடுவது அரிது. ஒரே செயலைப் புரியும் பத்து மருந்துகளிலே ஒன்றைக் கொண்டு ஒன்பதை நீக்க வேண்டுமாயின், ஒவ்வொன்றுக்குங் காரணங் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தைத் தம்மிலும் மூத்த வைத்திய நிபுணர் முன்னே நிறுவ வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கொள்வனவு இவ்வாறு பொதுப்பெயருக்குத் திரும்பியது. வைத்தியர்க்கெனக் குறிப்புகளும் காலந்தோறும் வெளியிடப்பட்டன.

அவருடைய வாழ்விலே என்னை மிகவுங் கவர்வது இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே. 1959 தொடக்கம் 1971 வரை அவர் செய்ததெல்லாம் கற்பித்தலும் எழுதுதலும் குழுக்களில் இருந்து வாதாடுதலுமே. பேராதனையிலே மருத்துவ பீடாதிபதியாகவும் இருந்தார். வைத்தியம் கற்பிப்போருக்கே கற்பிக்கும் முறையைப் பயிற்றுவதற்கென மருத்துவக் கல்விப் பிரிவொன்றையும் அங்கு நிறுவினார். பிற்காலத்துக் கூட்டுத்தாபனத்தைப் பற்றியே பேசுவோர் இந்த நீண்ட ஆயத்தத்தைக் கூறுவதில்லை. ஆஸ்பத்திரிகளிலே பன்னிரண்டு ஆண்டு பரீட்சிக்கப்பட்ட முறையைத்தான் அவர் பின்னர் நாடு முழுவதற்கும் விரித்தார்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. தனியார் இறக்குமதி செய்த மருந்துகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றிலே பெரும்பகுதி ஒன்றன் மறுபதிப்பு மற்றொன்று. பலம் தரும் தொனிக்குகளும், நான்கைந்து பொருள்களைக் கலந்த இருமற் பாணிகளும் விலையுயர்ந்த போத்தல்களில் வந்திறங்கின. அவற்றுக்கெல்லாம் நாடு அந்நியச் செலாவணியைச் செலுத்தியது. 1970 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் தலைமையில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் அமைந்தபோது, தேயிலையும் றப்பரும் ஈட்டித் தந்த பணம் அரிசிக்கும் மாவுக்குமே போதாதிருந்தது. அவ்வேளையிலேதான் பிபிலேயிடமும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவிடமும் மருந்துத் துறை பற்றிய அறிக்கை கோரப்பட்டது. விக்கிரமசிங்க கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர். பிபிலேயோ சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். அவ்விரு கட்சிகளின் நெடுநாட் பகையை அறிந்தவர்கள், இருவரும் ஒரே அறிக்கையிலே கையொப்பமிட்டதைக் கண்டு புன்னகை புரிந்திருப்பர். வைத்தியர் என்ற முறையில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை போலும்.

1971 இல் வெளிவந்த அவ்வறிக்கையின்படி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். அடுத்த ஆண்டு அது வேலையைத் தொடங்கியது. முறை இதுவே: நாட்டுக்கு வேண்டிய மருந்துகளை வல்லுநர் குழு தெரிவு செய்யும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்படும். தெரிந்த மருந்துக்கு அதன் பொதுப்பெயராலே உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரப்படும். ஆஸ்பத்திரிக்குத் தனியே, கடைக்குத் தனியே என்று சிறுகச் சிறுக வாங்காமல், முழு நாட்டின் தேவையும் ஒருங்கே வாங்கப்படும். இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வேண்டிய மூலப்பொருளும் படிப்படியாக அவ்வாறே வாங்கப்படும். வைத்தியர்கள் சிட்டையிலே பொதுப்பெயரை எழுதுமாறு கேட்கப்பட்டனர். பொதுமக்களுக்கு நியாய விலையில் விற்கக் கூட்டுத்தாபனமே கடைகளையும் திறந்தது. நகரங்களிலே ஒசுசல என்று தமிழரும் கூறிப் பழகிவிட்ட கடைகள் அவையே.

ஒருங்கே வாங்குவதால் விலை ஏன் வீழ வேண்டும்? மொத்தமாய் வாங்கினால் மலிவு என்பது சந்தைக்குச் சென்ற எவரும் அறிந்ததே. ஆனால் இங்கே வேறொரு நுட்பமும் இருந்தது. பல்தேசியக் கம்பனியின் கிளை, மூலப்பொருளைத் தன் தாய்க்கம்பனியிடமிருந்தே வாங்கும். தாய் குறிக்கும் விலையைக் கிளை கேள்வியின்றிக் கொடுக்கும். கிளையின் கணக்கிலே இலாபம் சிறிதாகத் தோன்றும். உண்மை இலாபமோ விலைக்குள் ஒளிந்து கடல் கடந்துவிடும். இது வறிய நாடுகளிலே மட்டும் நிகழ்ந்ததன்று. 1973 இல் இங்கிலாந்தின் ஏகபோக ஆணைக்குழு ரோஷ் கம்பனியின் கணக்குகளை ஆராய்ந்தபோது, டயசிப்பாம் என்னும் மருந்தின் மூலப்பொருள் கிலோவுக்கு 922 பவுண் வீதம் அங்குள்ள கிளைக்கு விற்கப்பட்டதையும், அதே பொருள் இத்தாலியிலே சுமார் 20 பவுணுக்குக் கிடைத்ததையும் கண்டது. வல்லரசொன்றின் நிலையே அதுவாயின், கொழும்பின் நிலையை ஊகிக்கலாம். பிபிலேயும் சஞ்சய லால் என்னும் பொருளியலறிஞரும் இணைந்தெழுதி 1977 இல் வெளியான ஆய்வுக்கட்டுரை, இலங்கையிலே இந்த விலை வித்தியாசங்கள் எவ்வாறு வெளிப்பட்டன என்பதை ஆராய்கிறது. வெற்றியை மட்டுமன்றித் தடைகளையும் அது ஒளியாது கூறுகிறது.

புதிய முறை வீடுகளுக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதற்கு என் தாயாரே எனக்குச் சான்று. அவர் சலரோகத்துக்கு றஸ்டினோன் என்ற குளிசையை நெடுங்காலம் உட்கொண்டு வந்தவர். ஒருமுறை கடையில் வேறு பெயருடைய வெண்குளிசைகளைக் கொடுத்துவிட்டனர். தம்பி, இது கள்ள மருந்தடா என்ற பாவனையில் அவர் அதை என்னிடமே திருப்பி நீட்டினார். மூன்று நாள் மருந்தே எடுக்கவில்லை. ஊர் மருந்துச்சாலை அப்போத்திக்கரி ஐயா பழைய போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, பெரிய எழுத்தின் கீழே எறும்பளவு எழுத்திலிருந்த தொல்பியூற்றமைட் என்ற சொல்லைக் காட்டினார். புதிய உறையிலும் அச்சொல்லே பெரிய எழுத்தில் இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தின் வடிவத்தை ஒப்புநோக்கி ஏற்றுக்கொண்டார். ஆயினும் அந்தக் குளிசை பழையதைப்போல் வேலை செய்யவில்லை என்று இறக்கும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார்.

என் தாயாரின் ஐயத்தை அறியாமையென்று நான் தள்ளிவிடத் துணியேன். பிபிலேயின் எதிரிகள் கொண்டுவந்த வாதங்களுள் வலிமை மிக்கதும் அதுவே. ஒரே பெயருடைய இரு குளிசைகள் ஒரே தரமுடையனவா? குளிசையிலே மருந்தின் அளவு சரியாயிருக்கலாம். ஆனால் அது வயிற்றிலே கரையாது கல்லாய்க் கழிந்தால் பயனில்லை. வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டிருக்கலாம். மாசு கலந்திருக்கலாம். பெரிய கம்பனிகள் தம் வர்த்தகப் பெயரே தரத்துக்கு உத்தரவாதமென்று கூறின. தனியார் வைத்தியருட் பலரும் அவ்வாறே நம்பினர். அவர்களெல்லாரும் கம்பனியின் கையாட்கள் என்று எழுதுவது நேர்மையாகாது. தம் நோயாளியைப் பற்றிய அச்சமும் அவர்களிடம் இருந்தது.

பிபிலே இந்த வாதத்தை ஒதுக்கவில்லை. தரம் வேண்டுமென்பதில் அவருக்கும் கம்பனிகளுக்கும் வேறுபாடில்லை. தரத்தை யார் உறுதிசெய்வது என்பதிலேயே வேறுபாடு. விற்பவன் தன் பெயரைக் காட்டித் தரும் உறுதியைவிட, வாங்குபவன் பரீட்சித்துப் பெறும் உறுதியே உறுதியென்பது அவருடைய நிலை. அதனால்தான் கேள்விப்பத்திரத்தில் மிகக் குறைந்த விலை என்பது மட்டும் போதாது. விற்பவன் யார், அவனுடைய மருந்தை வேறெந்த நாடுகள் ஏற்றிருக்கின்றன, அத்தாட்சிப் பத்திரம் யாது, மாதிரியின் பரிசோதனை முடிவு யாது என்பனவெல்லாம் நோக்கப்பட வேண்டும். நிரலைக் குறுக்கியதும் இந்த நோக்கத்துக்கு உதவியது. 2,000 மருந்தைச் சோதிக்கச் சிறுநாடொன்றால் இயலாது. 600 மருந்தைச் சோதிக்க முயலலாம். மலிவும் தரமும் அவருடைய திட்டத்திலே ஒரே கயிற்றின் இரு புரிகள். மாணவர் தந்த பாதி விடையிலே விடுபட்டது இந்தப் புரியே.

அவருடைய திட்டத்தின் மிக நொய்ந்த இடமும் இதுவே என்று நான் நினைக்கிறேன். கொள்வனவு முறையை ஒரு சட்டத்தாலும் ஓர் அலுவலகத்தாலும் மாற்றிவிடலாம். பரிசோதனைச் சாலையை அவ்வாறு ஓராண்டில் எழுப்ப முடியாது. கருவிகள், பயின்ற இரசாயனவியலார், இடையறாத பணம், எவருக்கும் அஞ்சாத தலைமை ஆகிய எல்லாம் அதற்கு வேண்டும். அக்காலத்து இலங்கையில் அவை போதிய அளவில் இருக்கவில்லை. தரம் குறைந்த தொகுதி ஒன்று தப்பிவந்தாலும் எதிரிகளுக்கு அதுவே பேசுபொருளாயிற்று.

எதிர்ப்பு உள்நாட்டோடு நிற்கவில்லை. 1973 இல் அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் நேரே பிரதமருக்கே கடிதம் எழுதினார். மருந்தின் தரம் குன்றும், அந்நிய முதலீடு தயங்கும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டில் வாந்திபேதி பரவியது. அந்நோய்க்கு முதல் வைத்தியம் இழந்த நீரையும் உப்பையும் மீளக் கொடுப்பதே. டெற்றாசைக்கிளின் நோயின் காலத்தைக் குறுக்கவும் பரவலைக் குறைக்கவும் உதவுவது. கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிய மூலப்பொருளைக்கொண்டு அம்மருந்தை ஆக்கிக்கொடுக்குமாறு பைசர் கம்பனியின் இங்குள்ள தொழிற்சாலை கேட்கப்பட்டது. கம்பனி இணங்கவில்லை. நோய் பரவுகையில், ஆக்கிய மருந்தையே அதிக செலவில் ஆகாயமார்க்கமாக வெளிநாட்டிலிருந்து வருவிக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையைத் தேசியமயமாக்க வேண்டுமென்ற பேச்சு அமைச்சு மட்டத்தில் எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் பிரதமரைக் கண்டு பேசினார். பேச்சு அடங்கிற்று.

அரசாங்கம் பணிந்ததை இன்று இருந்துகொண்டு பழிப்பது சுலபம். எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியிருந்த காலம் அது. பாணுக்கும் அரிசிக்கும் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நிய உணவு உதவியை இழக்க எந்தப் பிரதமரும் துணியார். ஆனால் கூட்டுத்தாபனம் கலைக்கப்படவில்லை. பொதுப்பெயர் முறையும் கைவிடப்படவில்லை. 1975 இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டபின் காற்று மாறி வீசியதென்பது மெய்யே.

உள்ளூரிலே காற்று மாறுகையில் வெளியுலகம் அவரை நோக்கித் திரும்பியது. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் மாநாடு கொழும்பிலே கூடியபோது, மருந்துத் துறையில் வறிய நாடுகள் ஒத்துழைக்க வேண்டுமென்ற தீர்மானமும் அங்கு நிறைவேறியது. அதன் கருத்துகளிலே இலங்கையின் அனுபவம் தெளிவாகத் தெரிகிறது. ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டமைப்பு பிபிலேயைத் தன் ஆலோசகராக அழைத்தது. சிற்றூரின் மருந்துச்சாலையையும் மனத்திற்கொண்டு நிரல் எழுதியவர், இப்போது பிற நாடுகளுக்கு அந்த நிரலை எழுதும் முறையைச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டார்.

அப்பணியில் இருக்கையிலே, தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானாவிலே, 1977 செப்டெம்பர் 29 ஆந் திகதி அவர் திடீரென மரணமானார். வயது 57. மாரடைப்பு என்று கூறப்பட்டது. அவருடைய நண்பர்களும் கட்சியினரும் பலர் அதனை நம்பவில்லை. சக்தி வாய்ந்த பகைவரைச் சம்பாதித்தவர் தூரதேசத்தில் திடீரென இறந்தால் ஐயம் எழுவது இயற்கை. அந்த ஐயம் இன்றும் கட்டுரைதோறும் மீள எழுதப்படுகிறது. அதனை மெய்ப்பிக்கும் சான்று எதனையும் நான் கண்டதில்லை. அவருடைய மரணத்தைப் பற்றி எழுதப்படும் பக்கங்களிற் பாதியாவது 1959 ஆம் ஆண்டுக் கையேட்டைப் பற்றி எழுதப்படலாகாதா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

அவர் மறைந்து மூன்று வாரம் நிறையுமுன், ஒக்டோபர் மாதத்தில், உலக சுகாதார தாபனத்தின் வல்லுநர் குழு ஜெனீவாவிலே கூடி, அத்தியாவசிய மருந்துகளின் முதல் நிரலை வகுத்தது. ஏறத்தாழ 200 மருந்துகள், எல்லாம் பொதுப்பெயரில். இந்த எண்ணத்துக்கு இலங்கை மட்டுமே தாயகமென்று பெருமை பாராட்டுவது மிகை. நோர்வே நெடுங்காலமாகவே தேவை என்ற அளவுகோலைக் கொண்டிருந்தது. வேறு சில நாடுகளும் முயன்றிருந்தன. ஆயினும் வறிய நாடொன்று ஆஸ்பத்திரி, கடை, தொழிற்சாலை ஆகிய மூன்றையும் ஒரே நிரலின்கீழ்க் கொண்டுவர முயன்ற அனுபவத்துக்கு இலங்கையே முதன்மையான உதாரணமாய் எடுத்துக்காட்டப்பட்டது. 1982 இல் பங்களாதேசம் தன் மருந்துக் கட்டளைச் சட்டத்தால் பயனற்ற மருந்துகளை ஏறக்குறைய 1,700 அளவில் விலக்கியபோதும் இவ்வழியே பின்பற்றப்பட்டது.

தாய்நாட்டிலோ கதை வேறு. 1977 யூலைத் தேர்தலிலே அரசாங்கம் மாறியது. திறந்த பொருளாதாரத்தோடு தனியார் மருந்து இறக்குமதிக்கும் கதவு திறக்கப்பட்டது. வர்த்தகப் பெயர்கள் மீண்டு வந்தன. கூட்டுத்தாபனம் எஞ்சியது, ஏகபோகம் எஞ்சவில்லை. 1980 இல் மருந்துகளைப் பதிவுசெய்யும் சட்டமொன்று வந்தது. 1987 இல் யப்பானிய உதவியுடன் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் தோன்றியது. தேசிய மருந்துக் கொள்கையொன்று 2005 இல் ஏற்கப்பட்டபோதிலும், அதற்குச் சட்டவடிவம் கிடைக்க மேலும் பத்தாண்டு சென்றது. 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தபோது, பிபிலேயின் கனவு நனவாயிற்று என்று பலர் மேடையேறினர். அவர் மறைந்து 38 ஆண்டுகள் கழிந்திருந்தன.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரி அலுமாரிகள் வெறுமையானதும், அவசரமாய் வாங்கும் வழிகள் பெருகியதும், 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்கு வழங்கப்பட்டமை வெளியானதும் வாசகர் அறிந்தவை. குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமுமுள்ள நாடுகளிலே பத்து மருந்துக்கு ஒன்று தரங்குறைந்ததாகவோ போலியாகவோ இருக்கிறதென உலக சுகாதார தாபனம் 2017 இல் மதிப்பிட்டிருந்தது. அந்த ஒன்றைப் பிரித்தறியும் பரிசோதனைச் சாலையைப் பற்றி, பிபிலேயின் பெயரைச் சொல்லும் மேடைகளிலே நான் கேட்ட பேச்சுகள் மிகச் சிலவே. விலைக் கட்டுப்பாட்டைப் பற்றியோ எல்லாருமே பேசினர்.

ஒசுசல கடைகள் இன்றும் இருக்கின்றன. சிட்டையோடு வருவோரும், தலையிடிக்கு இரண்டு குளிசை வாங்க வருவோரும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். பின்னவர்கள் எல்லாரும் பனடோல் என்றே கேட்கிறார்கள்; கையிலே கொடுக்கப்படும் அட்டையிற் பரசிற்றமோல் என்று அச்சிட்டிருக்கிறது.